வடிவு, வடிவுடை, வடிவாம்பாள்: ஒரு பெண்பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் பெண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர் வைக்கும் பேச்சு எழுந்தால், மூத்தவர் யாராவது ஒருவர் ‘அம்மன் பேரையே வைங்களேன்’ என்று தொடங்கிவைப்பார். இங்கே அம்மன் பெயர் என்றால் வடிவுடையம்மன் பெயர்தான். உடனே இளையவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு என்ன பொருள், எப்படி எழுதுவது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா என்று கேள்விகள் வரிசையாக வரும். வடசென்னைப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்பதாலும், என் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரே வடிவு என்பதாலும், அந்தக் கேள்விகள் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வடிவு என்னும் பெயருக்கு நேர்ப்பொருள் என்ன?

உருவம் என்பது முதற்பொருள். அழகு என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தருகிறது. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ‘வடிவு: அழகு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் பாதிதான். அழகைக் குறிக்க எழில், கவின், வனப்பு, அணி என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றுக்கு நடுவே வடிவு என்னும் சொல் தனித்து நிற்பதற்குக் காரணம், அழகு என்பது ஒருவர் கைபட்டு, பக்குவப்பட்டு, திருத்தமாக அமைந்தது என்னும் குறிப்பை அது தன் வேரிலேயே வைத்திருப்பதுதான்.

அந்த வேர் எது?

‘வடி’ என்னும் வினை. அறி என்பதிலிருந்து அறிவும், முடி என்பதிலிருந்து முடிவும், தெளி என்பதிலிருந்து தெளிவும் வருவதைப் போல, வடி என்னும் வினையோடு ‘வு’ விகுதி சேர்ந்து வடிவு என்னும் பெயர்ச்சொல் பிறக்கிறது. வடித்தல் என்றால் என்ன என்று அகராதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அடுப்பங்கரைக்குப் போனால் போதும். சோறு வெந்ததும் பானையின் வாயைத் தட்டால் மூடி, துணியால் இரு பக்கமும் பிடித்துச் சாய்த்து வைத்தால் கஞ்சி வெளியேறிவிடும். பருக்கை பருக்கையாகச் சோறு உள்ளே நிற்கும். குக்கர் வந்த பிறகு வடிப்பது பல வீடுகளில் நின்றுவிட்டது, ஆனாலும் ‘வடிச்ச சோறு’ என்று சொன்னால் அதன் சுவை இன்னும் எல்லாருக்கும் தெரியும். சிற்பி சிலையை வடிக்கிறார். கவிஞர் கவிதையை வடிக்கிறார். தென்மாவட்டங்களில் பாம்படம் அணிவதற்காகக் காதைத் துளையிட்டு, கனம் மாட்டி நீளச் செய்வதற்கும் காது வடித்தல் என்றே பெயர்.

இரும்பையும் வடித்திருக்கிறார்கள். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர், யார் யாருக்கு என்னென்ன கடமை என்று ஒரு தாயின் வாயிலாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்கிறார். கொல்லர் உலையில் காய்ச்சி, தட்டி, கூராக்கி, கையில் எடுக்கத்தக்கதாக ஆக்கிக் கொடுப்பதே அங்கே வடித்தல். சோற்றிலும் கல்லிலும் இரும்பிலும் பொதுவாக நடப்பது ஒன்றுதான்: வேண்டாதது கழிந்து, வேண்டியது தன் உருவத்தோடு நிற்கிறது. அப்படி நிற்பது வடிவு. நம் பகுதியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ‘தண்ணி வடிஞ்சுதா’ என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொள்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். ஒரு மாணவிக்கு இதைச் சொன்னபோது, ‘அப்படின்னா எங்க தெருவுல வடிவே இல்லை டீச்சர்’ என்றாள்.

இந்தச் சொல்லை அழகு என்னும் பொருளில் பழைய இலக்கியத்தில் யாராவது ஆண்டிருக்கிறார்களா?

பெருமாள் கோயில்களில் நாள்தோறும் ஓதப்படும் திருப்பல்லாண்டிலேயே இருக்கிறது. ‘வடிவாய் நின் வலமார்பினில் வாழ்கின்ற மங்கையும் பல்லாண்டு’ என்கிறார் பெரியாழ்வார். திருமாலின் மார்பில் உறையும் திருமகள் அழகே உருவாக இருக்கிறாள் என்பது கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் தெய்வத்தைப் பற்றிப் பேச ஆழ்வாருக்குக் கைக்கு வந்த சொல் இது. ஆகவே வடிவு சைவர் வீட்டுப் பெயர் என்றோ, இன்ன சாதியார் வைக்கும் பெயர் என்றோ சொல்வதற்கு இடமில்லை.

வடிவுடை என்பதில் வரும் ‘உடை’ ஆடையைக் குறிக்கிறதா?

இல்லை. என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அம்மனைப் பட்டுப்புடவையில் அலங்கரித்துப் பார்த்துப் பழகியதால், ‘அழகான உடை உடுத்தியவள்’ என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஒரு திருமண அழைப்பிதழிலேயே அப்படி அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். இங்கே உடை என்பது ‘உடைய’, அதாவது ‘கொண்டிருக்கிற’ என்னும் பொருள் தரும் சொல். ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்றும் ‘அறிவுடையார் எல்லாம் உடையார்’ என்றும் திருக்குறளில் படிக்கிறோம். அன்புடையார் என்பதற்கு அன்பை ஆடையாக அணிந்தவர் என்று யாரும் பொருள் சொல்வதில்லை. அதைப் போலவே வடிவுடை அம்மன் என்றால் வடிவை உடைய அம்மன். வடிவுடையாள் என்றால் வடிவை உடையவள். வடிவு என்பதன் ஈற்று உகரம் கெட்டு, அந்த இடத்தில் ‘உடை’ வந்து சேர்ந்திருக்கிறது. பின்னால் அம்மன் வரும்போது நடுவே யகர உடம்படுமெய் தோன்றி வடிவுடையம்மன் ஆகிறது. ஆட்டோக்களின் பின்புறத்தில் ‘வடிவுடயம்மன் துணை’ என்று டகரத்தின் ஐகாரத்தை விட்டுவிட்டு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பேச்சில் அப்படித்தான் ஒலிக்கிறது. எழுத்தில் ‘டை’ வேண்டும்.

திருவுடையம்மன், வடிவுடையம்மன், கொடியிடையம்மன் மூவரும் சகோதரிகள் என்கிறார்களே. மூன்று பெயர்களும் ஒரே முறையில் அமைந்தவையா?

இரண்டு ஒரே முறை, மூன்றாவது வேறு. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என மூவரையும் முறையே இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று வழிபடுவது வழக்கம். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிவரும் நாளில் காலையில் மேலூர், உச்சிப்பொழுதில் ஒற்றியூர், மாலையில் முல்லைவாயில் என்று ஒரே நாளில் மூன்று கோயில்களையும் பார்த்துவிட வேன் எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் உண்டு. உச்சிவேளையில் சன்னதித் தெருவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே அன்று என்ன நாள் என்று சொல்லிவிடலாம். மூன்று சிலைகளையும் ஒரே பாறையிலிருந்து ஒரே சிற்பி வடித்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது.

இனிப் பெயருக்கு வருவோம். திருவை உடையவள் திருவுடையம்மன். வடிவை உடையவள் வடிவுடையம்மன். மூன்றாவது பெயரில் இருப்பது உடை அன்று, இடை. கொடி போன்ற இடையை உடையவள் என்பது பொருள். வடமொழியில் அந்த அம்மனை லதாமத்தியாம்பாள் என்று அழைப்பதும் இதே பொருளில்தான்; லதா என்றால் கொடி, மத்தியம் என்றால் இடை. ஓசை ஒத்திருப்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ‘வடிவிடையம்மன்’ என்று எழுதுபவர்களும் ‘கொடியுடையம்மன்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பின்னதை எழுதினால் கொடி ஏந்தியவள் என்று பொருள் மாறிவிடும்.

கோயிலில் அம்மனைத் திரிபுரசுந்தரி என்றும் சொல்கிறார்கள். வடிவுடை என்பது அதன் மொழிபெயர்ப்பா?

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இல்லை. திரிபுரசுந்தரி என்பதில் முப்புரம் இருக்கிறது. வடிவுடை என்பதில் அது இல்லை. ‘சுந்தரி’ என்னும் பகுதிக்கு மட்டும் வடிவுடையாள் நெருங்கி வருகிறது. தியாகராசர் கோயிலில் ஒரே அம்மனை இரண்டு மொழிகள் தத்தம் போக்கில் அழைக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. திருவையாற்றுத் தியாகராச சுவாமிகள் சென்னைப் பக்கம் வந்தபோது ஒற்றியூர் அம்மன் மீது தெலுங்கில் ஐந்து கிருதிகள் பாடினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றுள் கல்யாணி ராகத்தில் அமைந்த பாடல் ‘சுந்தரி நீ திவ்ய ரூபமுனு’ என்று தொடங்குகிறது. அழகியே, உன் தெய்விக உருவத்தை என்கிறது அந்த அடி. அழகு, உருவம் என்று வடிவு என்னும் ஒரே சொல்லுக்கு நாம் சொன்ன இரண்டு பொருள்களும் சுந்தரி என்றும் ரூபம் என்றும் தனித்தனியாகப் பிரிந்து அந்த முதலடியிலேயே நிற்கின்றன. அவர் தமிழ்ப்பெயரை எண்ணித்தான் அப்படித் தொடங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வள்ளலாருக்கும் இந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பெயர் கோயில் மதிலைத் தாண்டி வீடுகளுக்குள் இவ்வளவு உரிமையோடு நுழைந்ததில் அவருக்குப் பெரும்பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், சிறுவயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்தார். 1858இல் சென்னையை விட்டுப் போகும் வரை, அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து வழிபட்டுப் போவது அவர் வழக்கம். அம்மன் மீது அவர் பாடிய வடிவுடை மாணிக்க மாலை, ‘கடலமுதே, செங்கரும்பே’ என்று தொடங்கி நூறு பாடல்களுக்கு மேல் செல்கிறது. ஒவ்வொரு பாட்டும் ‘வடிவுடை மாணிக்கமே’ என்று அம்மனை விளித்து முடிகிறது. முழு மாலையையும் ஓதுகிற ஒருவர் வாயில் ஒரே அமர்வில் நூறு முறைக்கு மேல் இந்தப் பெயர் வந்துவிடும். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் திண்ணையில் அமர்ந்து அதைப் பாடும் பெண்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் மனப்பாடம். பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

இன்னொரு கதையும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் கோயிலில் வெகுநேரம் இருந்துவிட்டு இரவில் பசியோடு வீடு திரும்பிய அடிகள், கதவு அடைத்திருந்ததால் அண்ணியாரை எழுப்ப மனமின்றித் திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணியாரின் உருவத்தில் ஒருவர் வந்து அவரை எழுப்பிச் சோறிட்டுச் சென்றார். பிறகு உண்மையான அண்ணியார் கதவைத் திறந்து சாப்பிட அழைத்தபோதுதான் முன்பு வந்தவர் வடிவுடையம்மன் என்று தெரிந்தது. வடிவை உடையவள் இன்னொருத்தியின் வடிவை எடுத்துக்கொண்டு வந்தாள் என்று, கதை சொல்பவர்கள் பெயரை வைத்து விளையாடாமல் இருப்பதில்லை.

இது திருவொற்றியூருக்கு மட்டும் உரிய பெயரா?

அப்படி உரிமை கொண்டாட முடியாது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் உள்ள காந்திமதியம்மைக்கும் வடிவுடையம்மை என்னும் பெயர் உண்டு. நெல்லைச் சீமையிலும் வடிவு, வடிவம்மாள் என்னும் பெயர்கள் வழங்குவதால், வடிவு என்னும் பெயருடைய ஒருவரைச் சந்தித்தால் அவர் ஒற்றியூர்க்காரர் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

ஈழத்தமிழில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு புழங்குகிறது. ‘வடிவான பிள்ளை’ என்றால் அழகான குழந்தை. ‘வடிவாச் சொல்லு’ என்றால் தெளிவாக, நன்றாகச் சொல் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் செய்துகொண்ட ஒரு குடும்பத்தார், தங்கள் பெண்ணின் பெயர் வடிவு என்றதும் அங்கே எல்லாரும் சிரித்தார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்கள். அது கேலிச் சிரிப்பாக இருக்காது. நாம் சென்னையில் ஒரு குழந்தைக்கு ‘அழகு’ என்று பெயர் வைத்து அழைப்பதைக் கேட்டால் எப்படிப் புன்னகைப்போமோ, அப்படித்தான் அவர்களும் புன்னகைத்திருப்பார்கள். மலையாளத்திலும் வடிவு என்றால் உருவம், அழகு. சீரான கையெழுத்தை ‘வடிவொத்த கையெழுத்து’ என்னும் பொருளில் குறிப்பிடுகிறார்கள்.

வடிவம்மாள், வடிவாம்பாள், வடிவழகி, வடிவுக்கரசி: இவற்றுள் எது சரி?

எல்லாமே சரி, ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் பிறந்தது. வடிவு என்பதன் கடைசி ‘உ’ முற்றியலுகரம். அதுவும் சில இடங்களில் குற்றியலுகரத்தைப் போலவே உயிர் வந்தால் கெடும் என்று நன்னூல் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்னும் அடியில் விதி சொல்கிறது. அதன்படி வடிவு என்பதோடு அம்மாள் சேர்ந்து வடிவம்மாள் ஆகிறது. அழகி சேர்ந்து வடிவழகி ஆகிறது. என் பாட்டியைத் தெருப்பிள்ளைகள் அழைத்த பெயர் ‘வடிவாயா’. வடசென்னையில் பாட்டியை ஆயா என்போம். வடிவு என்பதோடு ஆயா சேர்ந்ததும் உகரம் தானாக ஓடிவிட்டது. நன்னூலின் பெயரைக்கூடக் கேட்டிராத பிள்ளைகள் நாள் முழுவதும் அந்த விதியைத் தெருவில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வடிவாம்பாள் என்பதில் மட்டும் நெடில் எப்படி வந்தது என்று கேட்கலாம். தமிழ் முறைப்படி சேர்ந்திருந்தால் வடிவம்பாள் என்றுதான் வர வேண்டும். கமலம், அம்பாள் இரண்டும் கமலாம்பாள் ஆவதைப் போல, அகரமும் அகரமும் சேர்ந்து ஆகாரம் ஆகும் வடமொழிப் புணர்ச்சி இங்கே தமிழ்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பாதி தமிழ், பாதி வடமொழி. வடிவாம்பிகை என்பதும் அப்படியே. இலக்கணத் தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கலப்பில் குறை தெரியவில்லை.

வடிவுக்கரசி என்பது வடிவுக்கு அரசி, அழகுக்கெல்லாம் தலைவி. நான்காம் வேற்றுமை உருபு பெயருக்குள்ளேயே நிற்கும் இந்த அமைப்பு தமிழில் பழையது. நாவுக்கு அரசர் நாவுக்கரசர். மங்கையர்க்கு அரசி மங்கையர்க்கரசி. நாவுக்கரசர் உட்படத் தேவாரம் பாடிய மூவருமே ஒற்றியூரைப் பாடியிருக்கிறார்கள். 1970களின் இறுதியில் திரைக்கு வந்த நடிகை வடிவுக்கரசியால் இந்தப் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பெயராயிற்று.

வடிவேல் என்பதும் வடிவு என்பதிலிருந்து வந்ததா?

இல்லை, ஆனால் உறவுதான். வடிவு, வேல் என்று பிரித்தால் வகரம் ஒன்று மிஞ்சும். ‘வடி வேல்’ என்றே பிரிக்க வேண்டும். வடித்த வேல், கூர்மையாக ஆக்கிய வேல். முன்பு பார்த்த பொன்முடியாரின் கொல்லர் வடித்துக் கொடுத்தாரே, அதே வேல். ஆக வடிவு என்னும் பெண்பெயரும் வடிவேல் என்னும் ஆண்பெயரும் ‘வடி’ என்னும் ஒரே வினையின் பிள்ளைகள். அண்ணனுக்கு வடிவேல் என்றும் தங்கைக்கு வடிவு என்றும் பெயர் வைத்த வீடு எனக்குத் தெரியும்; ஓசைக்காக வைத்தார்கள், வேரும் பொருந்திவிட்டது.

பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?

செய்வார்கள். எந்தப் பெயரைத்தான் விட்டார்கள்? நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் வசனங்களைச் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று. வடிவியல் பாடம் நடக்கும்போது ‘முக்கோண வடிவு, செவ்வக வடிவு’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வருவது இன்னொன்று. என் வகுப்பில் இருந்த ஒரு வடிவுக்கு இரண்டாவதுதான் பெரிய தொல்லை. அவள் பின்னால் கட்டட வடிவமைப்புப் படித்து, இப்போது பிறருக்கு வீடு வரைந்து கொடுக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் தேரடியில் என்னைப் பார்த்தபோது, ‘அலுவலகத்துல நாள் முழுக்க என் பேரைத்தான் டீச்சர் எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காங்க’ என்றாள்.

பழைய பெயராக இருக்கிறதே, புதிதாக மாற்றி வைக்கலாமா?

வடிவு என்பதோடு ‘இகா’, ‘ஷினி’ என்று எதையாவது ஒட்டித் தரும்படி கேட்கிறார்கள். பெயர் உங்கள் குழந்தையுடையது. நான் தடுக்க முடியாது. ஆனால் ஒட்டிய பிறகு மிஞ்சுவது ஓசை மட்டும்தான். சிறிய பெயர் வேண்டுமென்றால் வடிவு என்பதே மூன்றெழுத்துதான். இரண்டாம் பெயர் வேண்டுமென்றால் எழில்வடிவு, தமிழ்வடிவு என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம், பொருளும் கெடாது.

அழகு என்னும் பொருளில் எழிலி என்று வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் எழிலி என்றால் மேகம். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று வான்சிறப்பில் வருவது மழைமேகத்தைத்தான். மேகம் என்று தெரிந்தே வைத்தால் அருமையான பெயர்.

எந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும்?

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒ, வ, வி, வு ஆகிய நான்கும் ரோகிணியின் எழுத்துகள். வகரம் அதன் இரண்டாம் பாதத்துக்கு உரியது. எழுத்துப் பார்க்காதவர்களுக்கு எல்லா நட்சத்திரமும் பொருந்தும்.

சான்றிதழில் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். யாரும் ஊகித்து எழுத விடாதீர்கள். எங்கள் உறவில் ஒரு குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆங்கிலத்தில் குறில் நெடில் வேறுபாடும் ட, த வேறுபாடும் இல்லாததால், கணினி அதைத் தமிழாக்கியபோது வடிவு ‘வாதிவு’ ஆகி வந்தது. ஒரு காலையும் ஒரு எழுத்தையும் திருத்துவதற்கு நான்கு முறை அலைந்தார்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் முடிவாகவில்லை என்று அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும்; பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். திருவொற்றியூர் தனி நகராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால், அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றிதழில் நகராட்சியின் பெயர் இருக்கும். அதைப் பிழை என்று எண்ணி மாற்றப் போக வேண்டாம்.

ஒற்றியூரோடு சேர்ந்த வேறு பெண்பெயர் உண்டா?

சங்கிலி. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, ஒற்றியூருக்கு வந்து இறைத்தொண்டு செய்து, சுந்தரரை மணந்த சங்கிலியாரின் பெயர். பிரியமாட்டேன் என்று சுந்தரர் அவருக்குச் சத்தியம் செய்த மகிழமரத்தடியை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள். சத்தியம் செய்தவர் பிரிந்தார், பார்வை இழந்தார். பெயர் அழகானதுதான்; நகை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று யாரும் வைக்கத் துணிவதில்லை.

வடிவு என்னும் பெயரை எப்படி விளித்து அழைப்பது?

செய்யுளில் ‘வடிவே’ என்று ஏகாரம் பெறும். வீட்டில் ஏகாரம் எல்லாம் வராது; ஈற்று உகரம் நீளும், அவ்வளவுதான். என் தாத்தா மீன் வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போதே ‘வடிவூ’ என்று ஒரு குரல் கொடுப்பார். மூன்று வீடு தள்ளி அந்த ஊகாரம் வந்து சேருவதற்குள் ஆயா அரிவாள்மணையை எடுத்துப் போட்டு, சாம்பலை அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.